சாக்கு தைக்கப் போன எடத்துல ஒரு நாடு பொறந்த கதை

...அதோட விட்டாளா அவ? ஜெனரேட்டரத் தூக்கிட்டு வந்து மாடிப்படியில, என் வாசலுக்கு நேரா வச்சிட்டா. மூணாவது மாடிக்காரியத்தான் சொல்றேன் சரசு. நான் கேட்டேன், "ஏம்மா, வெளிச்சம் ஒனக்கு, பொகை எனக்கா?"ன்னு. அதுக்கு அவ சிரிக்கிறா. நல்ல பல்லு அவளுக்கு, அதையும் சொல்லணும். சரி, அவ கதைய விடு. நீ என்னத்தடி இழுத்துட்டு வர்ற? என்ன பெட்டி இது, பொணங்கனம் கனக்குது?

டிரில் மிஷினா? சந்துருவோடதா?

அடி பாதகத்தி! பெத்த புள்ளயோட சாமானத் திருடிட்டு வந்து எங்கிட்ட ஒளிக்கிறியா? சிரிப்பு வருதுடி எனக்கு. சரி, அழுவாத. மொதல்ல பெட்டிய உள்ள தள்ளு. கட்டிலுக்கு அடியில. இன்னும் உள்ள, அந்த மூலையில, செவுத்தோட ஒட்டி. ஆங். இப்ப உக்காரு, மொகத்தத் தொடை.

தெரியும், தெரியும். மலப்பக்கம் அவனுக்கு ஒரு வேலை வந்திருக்கு. ஆஸ்பத்திரிக் கூரையில சோலார் தட்டு மாட்டற காண்ட்ராக்ட்டு. நாளைக்குக் காலையில பஸ்ஸு. அந்தப் பக்கம் தனி நாடாப் போவப் போறதாப் பேச்சு. எந்தப் பக்கம்னு பேரு சொல்லாத, ஒனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், படிக்கட்டுல போறவனுக்கும் தெரிய வேணாம். புள்ள போன எடத்துல நாடு மாறிட்டா? அங்க ஒரு டாக்ஸு, இங்க ஒரு டாக்ஸுன்னு ரெண்டு பக்கமும் புடுங்கிட்டா? வெளிநாட்டுக்காரன்னு சொல்லி உக்கார வச்சிட்டா? பெட்டி இல்லன்னா போவ மாட்டான்னு தூக்கிட்டு வந்துட்ட. சரியா?

நல்ல ஆளுகிட்டதான் வந்த. ஏன்னா பர்மாவுல இந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை பூரா தேடினாலும், சாக்கு தச்சுக்கிட்டு இருக்கறப்ப கால்மாட்டுல ஒரு நாடு பொறந்ததப் பார்த்தவ நான் ஒருத்திதான். சிரிக்காத. நெசமாத்தான்.

நான் என்ன வேலை பார்த்தேன்னு ஒனக்கே சரியாத் தெரியாது. நீ இங்க குடிவந்தப்ப எனக்கு முட்டி போயிடுச்சு, வேலைய விட்டுட்டேன். ஆத்தங்கரையில போட்டாதாங் ஜெட்டிக் கிடங்குல சாக்கு தைக்கறது. எங்கம்மா தச்சா, பன்னெண்டு வயசுல என்னைக் கூட்டிட்டுப் போயி பக்கத்துல உக்கார வச்சா, ஒரே நாள்ல கத்துக்கிட்டேன். அதுல கத்துக்க என்ன இருக்கு? மூட்ட வாய ரெண்டு மடிப்பு மடிக்கணும். கோணி ஊசியில சணல் நூல ரெட்டையாக் கோத்து, தண்ணியில ஒரு முக்கு முக்கணும், இல்லன்னா வழுக்கும். மொத முடிச்சுல ஒரு காது, கடைசி முடிச்சுல ஒரு காது. முயல் காது மாதிரி நிக்கணும். தூக்கற ஆளு அதப் புடிச்சுத்தான் தூக்குவான். காது பிஞ்சா பயறு பூரா ஆத்துல. பயறு ஆத்துல போனா அவன் திட்டறது மொதலாளிய இல்ல, தச்சவளோட அம்மாவ. அதனால எங்கம்மாவுக்காகவே நான் காத நல்லாத் தைப்பேன்.

காண்ட்ராக்டர் ஆனது எப்படித் தெரியுமா? கிடங்குல ஒரு ஏஜெண்டு, இருபது பொம்பளைங்க ஒரே நேரத்துல பேசறதத் தாங்க முடியாம, "எவளாவது ஒருத்தி பேசுங்க, மத்தவங்க வாய மூடுங்க"ன்னான். எங்குரலுதான் பெருசு. அன்னையிலேர்ந்து நான் காண்ட்ராக்டர். மாச சம்பளம் கெடையாது, லீவு கெடையாது, போனஸு கெடையாது. கூப்பிட்டா போவோம், கூப்பிடலன்னா வெத்தல போட்டுக்கிட்டு இருப்போம். ஒம்மவன் மாதிரிதான். அவனுக்குக் கூரை, எங்களுக்குக் கோணி, அவ்வளவுதான் வித்தியாசம். பின்னால கையில புடிச்சுத் தைக்கற மிஷினு வந்துச்சு. கிர்ருங்கும், மூட்ட முடிஞ்சிடும். நல்ல மிஷினு. எனக்கு அது மேல ஒரு கோவமும் இல்ல. அது முப்பது வருஷம் முன்னாடியே வந்திருந்தா இந்த முட்டி இன்னும் நல்லா இருந்திருக்கும்.

வெத்தல வேணுமா? இந்தா. சுண்ணாம்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

அப்ப ஊ சோன்னு ஒரு பயறு வியாபாரி. நல்ல மனுசன். ஆனா எதக் கேட்டாலும் சிகரெட்டுப் பெட்டி அட்டையிலதான் எழுதுவான். எழுதிட்டு அந்தப் பெட்டிய யாருக்காவது நீட்டுவான், அவன் சிகரெட்ட எடுத்துக்கிட்டு பெட்டியத் தூக்கி எறிஞ்சிடுவான். அவனோட பாதிக் கணக்கு சாக்கடையிலதான் போச்சு. முத்தம்மான்னு வாயில வராது அவனுக்கு, பர்மாக்காரங்க மரியாதைக்கு டோ முத்துன்னுதான் கூப்பிடுவான். அவன் ஒரு நாளு வந்து, "டோ முத்து, மலப்பக்கம் ஒரு கிடங்குல என் பயறு கெடக்கு, சாக்கு பூரா எலி கடிச்சிருக்கு, அங்க கரண்டு இல்ல, மிஷினு ஓடாது, ஆறு கை வேணும்"னான். எட்டு நாள் வேலை. பஸ்ஸு அவன் செலவு, சோறு அவன் செலவு. மழை முடிஞ்ச நேரம், போட்டாதாங்குல வேலை இல்லாம காஞ்சுபோயிக் கெடந்தோம். நான், முனியம்மா, இன்னும் நாலு பேரு. கெளம்பிட்டோம்.

முனியம்மாவப் பத்தி சொல்லணும். நாப்பது மூட்ட தச்சாலும் நாலு வார்த்த பேச மாட்டா. அவ மவ செல்விக்குக் கண்ணு ஆப்பரேஷன் பண்ணியிருந்துச்சு. பார்வ திரும்பினா தீ மிதிக்கிறேன்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டா. கையில காப்பு கட்டியாச்சு, மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்டு. காப்புக் கட்டினா தீ மிதிச்சு முடிக்கிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது, அது ஒனக்கே தெரியும். ஆனா நம்ம கோயில்ல எல்லைன்னா எது? நம்ம தாத்தன் பாட்டன் பூரா ரயில்லயும் கப்பல் ஜெட்டியிலயும் வேலை பார்த்தவங்க. காப்புக் கட்டிட்டு வீட்டுல உக்காந்தா அடுப்பு எரியுமா? அதனால அந்தக் காலத்துப் பூசாரி ஒருத்தரு, "அம்மாவுக்கு எல்லை இந்த நாடு பூரா, கப்பல் மட்டும் ஏறாதீங்க, நாட்ட விட்டுத் தாண்டாதீங்க"ன்னு சொல்லி வச்சாரு. இன்னைக்கு வரைக்கும் அதான் சட்டம். அதனால முனியம்மா தைரியமா பஸ்ஸு ஏறினா. நாட்டுக்குள்ளதான போறோம்!

நாலாவது நாளு. கிடங்கு வாசல்ல உக்காந்து தச்சிட்டிருக்கோம். ஒரு வண்டி மேல மைக்கக் கட்டிக்கிட்டு ஒருத்தன் போறான். அவங்க பாஷையில ஏதோ சொல்றான். நாங்க என்னமோ சினிமாக் கொட்டாய்னு நெனச்சோம். ஊர்க்காரங்க கை தட்டறாங்க, ஒரு கெழவி ஆடறா. கிடங்குக் காவலாளி ஓடி வந்து, "இன்னையிலேர்ந்து நாங்க தனி நாடு!"ன்னான். நான், "ரொம்ப சந்தோஷம் தம்பி, தண்ணி எப்ப வரும்?"னேன். அன்னிக்குக் காலையிலேர்ந்து பானையில தண்ணி இல்ல சரசு. எனக்கு அதான் பெருசு.

மறுநாளு காலையில ஒரு மேசை வந்துச்சு. ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து கிடங்கு முன்னால போட்டாங்க. பின்னாலயே ஒரு கொடை, ஒரு நாற்காலி. அதுக்குப் பின்னால ஸயா வந்தாரு. ஸயான்னா வாத்தியார்தான, இவரு நெசமாவே வாத்தியாரு. முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் குடுத்து ரிடையர் ஆனவரு. புது நாட்டுக்கு டாக்ஸு ஆபீசும் அவருதான், எல்லை ஆபீசும் அவருதான், மேப்பு வரைஞ்சதும் அவருதான். ஏன்னா ஊருல ஒழுங்கா கோடு போடத் தெரிஞ்ச ஒரே ஆளு அவரு.

அவரு வேலை செய்யற அழகப் பார்க்கணுமே! மொதல்ல உக்காரமாட்டாரு. இடுப்புல கட்டின லொஞ்சிக் கைலிய அவுத்து ஒரு தடவ நல்லா இறுக்கிக் கட்டுவாரு. கொடை நெழலு மேசை மேல விழுதான்னு பார்ப்பாரு. விழலன்னா மேசைய நகத்தமாட்டாரு, கொடையையும் நகத்தமாட்டாரு, நெழலு வர்ற வரைக்கும் நிப்பாரு. அப்புறம் பிளேடு எடுத்து பென்சிலச் சீவுவாரு. சீவினதக் கீழ போடமாட்டாரு, ஒரு காயிதத்துல மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்குவாரு. அப்புறந்தான் நோட்டுப் புத்தகத்தத் தொறப்பாரு. பள்ளிக்கூடத்து நோட்டு. அதுதான் அந்த நாட்டோட சட்டம் பூரா. எங்க ஆறு பேரையும் பார்த்து, "உயரப்படி நில்லுங்க"ன்னாரு. நின்னோம்! அம்பது அறுவது வயசுப் பொம்பளைங்க, உயரப்படி! முனியம்மாதான் கடைசி, மொதல்ல நானு.

"கொண்டு வந்த சாமான் என்ன?"

"ஊசி, ஸயா."

"எத்தன?"

"ஆறு."

ஒவ்வொரு ஊசியையும் கையில வாங்கி, ஸ்கேல் வச்சு அளந்து எழுதினாரு. "ஆறு உள்ள வந்திருக்கு. போறப்ப ஆறு வெளிய போவணும். விட்டுட்டுப் போனா எறக்குமதி, அதுக்குத் தனி வரி"ன்னாரு. நான், "ஸயா, இந்த ஊசிய எவன் வாங்கப் போறான்?"னேன். "வாங்கறது வேற விஷயம், எண்ணிக்கை வேற விஷயம்"னாரு.

அப்புறந்தான் சிக்கலு. நோட்டுல நாலு பக்கம் இருக்கு. மொதப் பக்கம் மாச சம்பளக்காரங்க. ரெண்டாவது பக்கம் தொழில் நடத்தற மொதலாளிங்க. மூணாவது வெவசாயம். நாலாவது வெளிநாட்டுக்காரங்க. எங்கள எதுல போடறதுன்னு அவருக்குப் புரியல.

"உனக்கு மொதலாளி யாரு?"ன்னாரு.

"இன்னைக்கு ஊ சோ. நாளைக்கு எவன் கூப்பிடறானோ அவன்."

"அப்ப இவங்களுக்கு மொதலாளி நீயா?"

"ஊசி அவங்களோடது, நூலு என்னோடது. கையி அவங்களோடது, வாயி என்னோடது ஸயா."

அவரு பென்சில மறுபடி சீவினாரு. கூரா இருந்த பென்சில! யோசிக்கறப்ப சீவுவாருன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.

"மொதலாளிப் பக்கத்துல போட்டா ஆறு தலைக்கும் நீ வரி கட்டணும். கூலியில பாதி போயிடும்"னாரு. "நாலாவது பக்கத்துல?"ன்னேன். "வெளிநாட்டுக்காரங்களுக்கு மொத வருஷம் வரி இல்ல. புது நாடு, நாலு பேரு வரணும்ல. ஒரு பர்மிட்டு மட்டும். கமிட்டி கூடி பர்மிட்டுல கையெழுத்துப் போடற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. கமிட்டி பத்து நாள்ல கூடும்"னாரு.

பார்த்தியா சரசு? ஒம்மவனுக்கு நீ எதக் கேட்டு அழுதியோ அது பூரா அந்த ஒரு மேசையில வந்து நின்னுச்சு. நானு ஒண்ணும் யோசிக்கல. பத்து நாளு கூடத் தங்கினாலும் சோறு ஊ சோ செலவுதான். "வெளிநாட்டுக்காரின்னே போடு ஸயா! ஆறு பேரையும் போடு!"ன்னு கத்தினேன். எனக்கு அதுல ஒரு குஷி கூட. எங்க குடும்பத்துல எவளும் வெளிநாடு போனதில்ல!

பின்னாலயிருந்து "ஐயோ வேணாம்!"னு ஒரு சத்தம். யாருன்னு பார்த்தா முனியம்மா. நாலு வார்த்த பேசாதவ, மேசைக்கு முன்னால வந்து நிக்கிறா. காப்புக் கட்டின கையத் தூக்கிக் காட்டறா. "அக்கா, வெளிநாடுன்னு எழுதினா நான் நாட்ட விட்டுத் தாண்டிட்டேன்னு அர்த்தம். காப்பு போச்சு. செல்வி கண்ணு போச்சு. இன்னும் அஞ்சு நாள்ல தீ மிதி. பத்து நாளு இங்க உக்காந்தா அதுவும் போச்சு."

"நீ எங்கடி தாண்டின? வந்ததுலேர்ந்து இந்தச் சாக்கு மேலதான உக்காந்திருக்க!"ன்னேன்.

"அது அம்மாவுக்குத் தெரியுமா? எழுத்துல வெளிநாடுன்னு வந்துடும்ல?"

மத்த நாலு பேரும் ஆரம்பிச்சாங்க. "உன் ஒருத்தி காப்புக்காக எங்க கூலியில பாதி போவணுமா?"ன்னு ஒருத்தி. "பாதி கூலிக்காக அம்மன் கிட்ட வம்பு வேணுமா?"ன்னு இன்னொருத்தி. "மொதலாளின்னு எழுதினா முத்தம்மாதான கட்டணும், நமக்கென்ன?"ன்னு ஒரு கள்ளி, அவ பேரு சொல்லமாட்டேன், செத்துட்டா பாவம். அப்ப எனக்கு வந்த கோவத்துக்கு அவளையே மூட்டைக்குள்ள வச்சுத் தச்சிருப்பேன்.

சரி, பூசாரியக் கேட்போம்னு முடிவாச்சு. மேட்டு மேல ஏறினாத்தான் போனு எடுக்கும். ஆறு பேரும் ஏறினோம். ஸயாவும் பின்னாலயே ஏறினாரு, ஏன்னா நாங்க எல்லை தாண்டிட்டா அவருதான் பொறுப்பு. பூசாரி போன எடுத்தாரு. அவரு பின்னால மேளம் அடிக்குது, ஒருத்தன் எலுமிச்சம்பழம் வெலைய சத்தமாப் பேசறான். விஷயத்தச் சொன்னேன்.

"அது தனி நாடா?"ன்னு கேட்டாரு.

"அவங்க ஆமாங்கறாங்க."

"இங்க இருக்கறவங்க?"

"இல்லங்கறாங்க."

"இங்க பாரு முத்தம்மா. வேற நாடுன்னா காப்பு அவுந்துடுச்சு. ஒரே நாடுன்னா அவுழல. எது எந்த நாடுன்னு தீத்து வைக்க நான் என்ன கோர்ட்டா? இங்க பூக்குழிக்கு வெறகே பத்தல. அந்த ஊர்ப் பெரிய மனுசனக் கேளு, அவரு சொல்றத அம்மா ஏத்துக்குவா"ன்னு வச்சிட்டாரு.

எல்லாரும் ஸயாவத் திரும்பிப் பார்த்தோம். அவரு பாஷை தெரியாம எங்க வாயையே பார்த்துட்டு நின்னாரு. நான் பர்மாப் பேச்சுல எல்லாத்தையும் சொன்னேன். காப்பு, தீ மிதி, செல்வி கண்ணு, கப்பல் ஏறக்கூடாதுன்னு சொன்ன பழைய பூசாரி, எல்லாம். நீளமாத்தான் சொன்னேன். நான் எத சுருக்கமாச் சொன்னேன்?

அவரு முனியம்மாகிட்ட வந்து, அந்தக் கயித்தக் குனிஞ்சு பார்த்தாரு. தொடல.

"அப்ப இது எல்லையப் பத்தின கேள்வி"ன்னாரு.

"ஆமா ஸயா."

"நாங்க தனி நாடு இல்லன்னு நான் ஒரு காயிதம் எழுதித் தரணும்?"

"அப்படி எழுதினா நல்லா இருக்கும் ஸயா"ன்னு பல்லக் காட்டினேன்.

மொகம் செவந்து போச்சு அவருக்கு. "நாப்பது வருஷம் இதுக்காக எத்தன பேரு என்னென்னமோ இழந்திருக்காங்க. நாடு பொறந்து ரெண்டாவது நாளு. நாடு இல்லன்னு எங்கையால எழுதச் சொல்றியா டோ முத்து?"ன்னாரு. கண்ணுல தண்ணி. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு சரசு. அதுவரைக்கும் அந்த மேசையும் கொடையும் எனக்கு ஒரே சிரிப்பாத்தான் இருந்துச்சு. அந்த மனுசனுக்கும் கையில ஒரு காப்பு இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்னு அப்பத்தான் தோணுச்சு.

எறங்கி வந்து வேலையில உக்காந்தோம். தச்சோம். முனியம்மா தச்ச மூட்டையில காது கோணலா நின்னுச்சு. அவ தையல்ல அப்படி நான் பார்த்ததே இல்ல. சும்மா அவுத்து நானே தச்சேன். அந்தக் கவலையிலதானோ என்னமோ, அவ ஊசியும் ரெண்டா ஒடைஞ்சுது.

ஸயா மேசையிலேயே உக்காந்திருந்தாரு. பென்சிலு சீவிச் சீவி கட்டவெரல் அளவுக்கு வந்துடுச்சு. சாயங்காலம் வெயில் தாழ, மேப்ப எடுத்து விரிச்சாரு. கிடங்குக்குக் கீழ ஒரு ஓடை ஓடுது, அதுதான் எல்லைன்னு வரைஞ்சு வச்சிருந்தாரு. எந்திரிச்சாரு. லொஞ்சிய இறுக்கினாரு. ஓடையிலேர்ந்து அடி மேல அடி வச்சு எண்ணிக்கிட்டே வர்றாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு... எங்க முன்னாலயே, சாக்குகளத் தாண்டி, கிடங்கச் சுத்தி, மேல இருக்கற பெரிய மரத்துக்கிட்ட போயி நின்னாரு. நாப்பது. திரும்பி வந்து, மேப்புல ரப்பர வச்சு ஓடைக் கோட்ட அழிச்சாரு. மரத்து மேல புதுசா ஒரு கோடு போட்டாரு. ஊதினாரு.

"இந்தக் கிடங்கு எங்க நாட்டுல இல்ல. ஓடையில எல்லையப் போட்டது என் தப்பு. மழைக்கு ஓடை நகரும், மரம் நகராது. எல்லைய மரத்துலதான் போடணும், அதுதான் பூகோளம்"னாரு.

"ஸயா, கமிட்டி ஒங்களச் சும்மா விடுமா?"

"பென்சில்லதான் போட்டிருக்கேன் டோ முத்து. இன்னும் இங்க் போடல."

முனியம்மா அப்படியே மண்ணுல விழுந்து கும்பிட்டா. அவரு பதறிப்போயி, "எந்திரி, எந்திரி, இது எங்க மண்ணு இல்ல"ன்னாரு!

ஒரு பொம்பளையோட நேத்திக்கடனுக்காக ஒரு நாடு நாப்பதடி பின்னால போச்சு சரசு. மேசையையும் கொடையையும் அந்த ரெண்டு பேரும் மரத்துக்கு மேல தூக்கிட்டுப் போனாங்க. நாங்க அவரு நாட்டுக்குள்ள போவவே இல்லன்னு ஆயிப்போச்சா? அப்ப பர்மிட்டும் இல்ல, கமிட்டியும் இல்ல, மொதலாளி வரியும் இல்ல. ஆனா ஊசிய மட்டும் விடலையே மனுசன்! மூணு நாள்ல மிச்சத்தத் தச்சு முடிச்சு லாரியில ஏத்திக் கெளம்பறப்ப நோட்டத் தொறந்துட்டாரு. "தப்போ சரியோ, ஆறு உள்ள வந்ததா எழுதியிருக்கேன். ஆறு வெளிய காட்டு"ன்னாரு. காட்டினோம். எண்ணினாரு. "ஏழு இருக்கே?"ன்னாரு. ஒடைஞ்ச துண்டு ரெண்டு! பென்சில எடுத்து மறுபடி சீவ ஆரம்பிச்சாரு பாரு, நான் கையெடுத்துக் கும்பிட்டு, "ஸயா, பஸ்ஸு போயிடும்"னேன். ஸ்கேல எடுத்து ரெண்டு துண்டையும் சேத்து வச்சு அளந்து, நீளம் சரியா இருக்குன்னு பார்த்துட்டுத்தான் விட்டாரு.

கடைசியா முனியம்மா கையில ஒரு காயிதம் குடுத்தாரு. இந்தக் கிடங்கு எங்க எல்லைக்கு வெளிய இருக்கு, இந்த அம்மா எல்லை தாண்டலன்னு எழுதி, அவங்க நாட்டு முத்திரையும் குத்தி. "உங்க அம்மன்கிட்ட காட்டு"ன்னாரு. எங்க ஆறு பேருல ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது. முனியம்மா அதக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்புறம் என்ன பண்ணினா தெரியுமா? சாமிக் காயிதம்தானன்னு, இடுப்புல வச்சிருந்த விபூதிய அதுல கொட்டி மடிச்சு வச்சுக்கிட்டா!

அவ அப்படி மடிச்சது எனக்கு அப்ப தெரியாது. கீழ வர்ற வழியில நம்ம பக்கத்து சோதனை கேட்டு. அங்க ஒரு ஆபீசரு. "எங்கேருந்து வர்றீங்க?" கிடங்கச் சொன்னேன். "அது யாரு எல்லை?" நான் பெருமையா, "ஒங்க எல்லைதான் சார்!"ன்னேன். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எங்க எல்லைன்னா எங்க காண்ட்ராக்ட்டு வரி கட்டு"ன்னான். கட்டினேன். கூலியில பாதி இல்ல, கொஞ்சந்தான். ஆனா பார்த்துக்க, டாக்ஸு எங்கயும் போவல, நாப்பதடி தள்ளி நின்னுக்கிட்டு இருந்துச்சு!

அப்புறம் மூட்டமுடிச்சு சோதன. போலீசுக்காரி ஒருத்தி முனியம்மா இடுப்புல கைய வச்சு அந்தப் பொட்டணத்த எடுத்தா. ஆபீசரு கையில குடுத்தா. அவன் பிரிச்சான். விபூதி பறந்து அவன் மீசை பூரா வெள்ள. தும்மினான். அப்புறம் காயிதத்தப் பார்த்தான். அந்த முத்திரை! எனக்கு அப்பதான் புரிஞ்சுது, அது என்ன காயிதம்னு. இல்லாத நாட்டோட முத்திரைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்திருக்கோம். காண்ட்ராக்டருன்னா மொதல்ல என்னையத்தான உள்ள வைப்பான்? எங்குரலு, அவ்வளவு பெரிய குரலு, காத்துதான் வருது.

அவன் முழுசாப் படிச்சான். முனியம்மாவப் பார்த்தான். அவ கைக் கயித்தப் பார்த்தான். "எதுக்கும்மா இது?"ன்னான். "மவ கண்ணுக்கு"ன்னா அவ. அவன் கீழ குனிஞ்சு, மேசை மேல கொட்டின விபூதிய வெரலால கூட்டி, காயிதத்துல போட்டு, முத்திரை உள்பக்கம் போறமாதிரி மடிச்சு, அவ கையில வச்சான். "நல்லா இறுக்கிக் கட்டு. காத்துல பறந்துடப் போவுது. வழியில எங்கயும் பிரிக்காத"ன்னான்.

அவ்வளவுதான். தீ மிதிக்கு அன்னைக்குக் காலையிலதான் வந்து சேந்தோம். முனியம்மா குளிச்ச ஈரத்தோட நேரா கோயிலுக்கு ஓடினா. பூசாரி அந்தப் பொட்டணத்த அம்மன் காலடியில வச்சாரு, உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவரும் கேக்கல. பூக்குழியில எல்லாரும் ஓடினாங்க. இவ மட்டும், ஸயா எண்ணினாரே, அந்த மாதிரி அடி மேல அடி வச்சு நடந்தா. செல்வி இப்ப அலோன் பேட்டையில ஒரு கிடங்குல மூட்ட எண்ணற வேலை பார்க்கறா, தெரியும்ல? கண்ணாடி கூடப் போடறதில்ல.

அந்த நாடு என்னாச்சுங்கறியா? எனக்கென்னடி தெரியும். இருக்குங்கறவனும் இருக்கான், இல்லங்கறவனும் இருக்கான். அடுத்த வருஷம் ஸயாவுக்குப் போன் போட்டு, "இங்க் போட்டாச்சா ஸயா?"ன்னு கேட்டேன். "இன்னும் பென்சில்தான் டோ முத்து, ஆனா கூராத்தான் வச்சிருக்கேன்"னாரு.

அதனால சொல்றேன் கேளு. எனக்குச் சட்டம் தெரியாது. தெரிஞ்சத சொல்றேன். பேசின காச பாதி முன்னாலயே வாங்கிக்கச் சொல்லு. அந்த ஆஸ்பத்திரி யாரு எல்லையில இருக்குன்னு மொதல்ல கேக்கச் சொல்லு, ரெண்டு பக்கமும் கேக்கணும். இந்தப் பக்கத்து ரசீத வலது பையில, அந்தப் பக்கத்து ரசீத எடது பையில. அவன் படிச்சவன், விபூதி மடிக்கமாட்டான். பெட்டியில எத்தன சாமான் இருக்குன்னு எண்ணி ஒரு சீட்டுல எழுதச் சொல்லு, எதாவது ஒடைஞ்சா துண்டக் கூட எறியாமக் கொண்டாரணும். வேற என்ன? நாடு பிரிஞ்சாலும் சேந்தாலும் மேசைக்குப் பின்னால ஒரு ஆளுதான் உக்காந்திருப்பான். அவன ஒரு ஆளாப் பார்த்துப் பேசணும், அவ்வளவுதான். ஒம்மவன் நல்லாப் பேசுவான். ஒன்ன மாதிரி இல்ல.

என்ன மூஞ்சிய அப்படி வச்சிருக்க? பெட்டி இங்கயே இருக்கட்டுமா? இருக்கட்டும். எனக்கென்ன, கட்டிலுக்கு அடியில எடம் கெடக்கு. நீதான அவன் மொகத்த...

ஏய்! கேட்டியா? தெரு பூரா கத்துது! கரண்டு! கரண்டு வந்துடுச்சு! எந்திரிடி, எந்திரி! ரெண்டு மணி நேரங்கூட இருக்காது, தொட்டியில பொட்டுத் தண்ணி இல்ல, மோட்டாரப் போடணும். அந்த மூணாவது மாடிக்காரி முந்திக்கிட்டான்னா எல்லாத் தண்ணியும் மேலயே போயிடும். அரிசிச் சட்டி வேற குக்கர்ல... சரசு, எங்க போற? மோட்டார் பிளக்கு அங்கதான் இருக்கு, அந்த மூலையில. ஒன் பெட்டிக்குப் பின்னால. எனக்கு முட்டி குனியாது. நீயே இழு. இழுடி, வெளிய இழு! இன்னும்... வாசல் வரைக்கும் இழுத்து வச்சிடு, தண்ணி தெறிக்கும்.